பயிற்சியாளர் பேராசிரியரான கதை: அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக்கும் சிகாகோ பல்கலைக்கழகமும்

அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சென்றிருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "இங்கே பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு என்கிறார்கள். ஆளுநருக்கும் இல்லை, பல்கலைக்கழகத் தலைவருக்கும் இல்லை. படிப்புக்கென்று ஏற்பட்ட இடத்தில் விளையாட்டுக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது? இதைத் தொடங்கி வைத்தவர் யார்?"

நடந்த அனைத்தையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட முடியாது. என்றாலும், அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் என்ற ஒரே மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் இந்தக் கதையின் பெரும்பகுதி விளங்கிவிடும். 1892 முதல் 1932 வரை 41 பருவங்கள் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்தார். ஆசிரியர் பதவியும் ஆயுள் காலப் பணி உறுதியும் தந்து ஒரு பல்கலைக்கழகம் அமர்த்திய முதல் பயிற்சியாளர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் அவரே. அந்த ஒரு நியமனத்தில் பின்னால் வந்த பெருமையும் சிக்கலும் சேர்ந்தே இருந்தன என்பது என் கருத்து.

முதலில், அவருக்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் போட்டி 1852 ஆகஸ்டில், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வின்னிபசாக்கி ஏரியில், ஹார்வர்டுக்கும் யேலுக்கும் இடையே நடந்த படகுப் போட்டி. அந்தப் போட்டியை நடத்தத் தூண்டியதும் செலவை ஏற்றதும் கல்லூரிகள் அல்ல; அந்த ஏரிக்கரை வழியாக ரயில் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ரயில் நிறுவனம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தால் பயணச்சீட்டு விற்கும் என்பதுதான் கணக்கு. ஆகவே, "முன்பெல்லாம் விளையாட்டு தூய்மையாக இருந்தது, பிறகுதான் பணம் உள்ளே புகுந்தது" என்று யாராவது சொன்னால் நான் அதை அவ்வளவாக ஏற்பதில்லை. முதல் நாளே பணம் கரையில் வந்து நின்றுவிட்டது.

1869 நவம்பரில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டனும் ஆடிய ஆட்டத்தைத்தான் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். அன்று ஆடியது நாம் அறிந்த கால்பந்துக்கு நெருக்கமான ஒன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற, ஓடுபவரை இடித்துத் தள்ளுகிற அமெரிக்கக் கால்பந்தாக அது பின்னர்தான் மாறியது. அந்தக் காலத்தில் கல்லூரி நிர்வாகத்துக்கு இந்த ஆட்டத்தில் எந்தப் பங்கும் கிடையாது. அணியை மாணவர்களே அமைத்தார்கள். பயிற்சி கொடுப்பதும் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அணித்தலைவரின் வேலை. வசூலையும் செலவையும் மேலாளராக இருந்த இன்னொரு மாணவர் பார்த்துக்கொண்டார். தலைவர் படிப்பு முடிந்து போனால் புதியவர் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆடுகளத்தின் விதிகளை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான யேலின் வால்டர் கேம்ப்கூட முழுநேரப் பயிற்சியாளர் அல்லர். பகலில் ஒரு கடிகார நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவர் வர முடியாத நாட்களில் அவருடைய மனைவி பயிற்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து சொல்ல, மாலையில் அணித்தலைவரை வீட்டுக்கு அழைத்து ஆலோசனை சொன்னார். அவருக்கு இருந்தது செல்வாக்கு, பதவி இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்டாக் இந்த யேலில்தான் உருவானார். 1862இல் நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கைப்பணம் இல்லாமல், பாதி வயிறு பட்டினியாகவே படித்து மேலேறியவர். பேஸ்பாலில் பந்து வீசுவதில் பெயர் பெற்றார், தொழில்முறை அணிகள் அழைத்தன, போக மறுத்துவிட்டார். ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது அவருக்கு உவப்பில்லை. ஆடுகளத்தில் சாராயம் விற்பது அதைவிட உவப்பில்லை. போதகராக வேண்டும் என்று இறையியல் படிக்கத் தொடங்கினார். ஆனால் மேடையேறினால் அவருக்குப் பேச வராது. பிரசங்கம் வராத போதகரால் யாருக்கு என்ன பயன் என்ற கலக்கத்தில் இருந்தவர், களத்தில் நின்றுகொண்டே இளைஞர்களை நல்வழிப்படுத்தலாமே என்ற முடிவுக்கு வந்தார். 1889இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட அகில அமெரிக்கக் கால்பந்து அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

அங்கிருந்து அவர் போனது மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித் அங்கே அவருடைய சக மாணவர். ஸ்டாக் திரட்டிய கால்பந்து அணியில் நடுவரிசை வீரரும்கூட. 1892 மார்ச் 11 அன்று அந்தப் பள்ளியில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று வென்றார்கள். ஆசிரியர் தரப்புக்குக் கிடைத்த அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்தவர், அதற்குள் அங்கே ஆசிரியராகியிருந்த ஸ்டாக்.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். அதே பள்ளியில் பிற்பாடு பயின்ற ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர்தான் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி அதுவே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் பக்தான்; அதே ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்றிருந்தவர்களில் ஸ்டாக்கும் ஒருவர். ஒரே பள்ளியில் முளைத்த இரண்டு கிளைகள் என்றே இதை நான் பார்க்கிறேன். எல்லா மாணவருடைய உடலையும் பேணுவது ஒரு கிளை. நம் கல்லூரிகளின் ஃபிசிக்கல் டைரக்டரும் பள்ளிகளின் பி.டி. மாஸ்டரும் அதன் வழி வந்தவர்கள். பதினோரு பேரைப் பொறுக்கியெடுத்துப் பல்லாயிரம் பேர் முன்னால் வெல்ல வைப்பது இன்னொரு கிளை. கேள்வி அந்த இரண்டாவது கிளையைப் பற்றியது.

1890இல் எண்ணெய் முதலாளி ஜான் ராக்ஃபெல்லரின் பணத்தில் சிகாகோவில் ஒரு புதிய பல்கலைக்கழகம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் யேலில் எபிரேய மொழியும் விவிலியமும் கற்பித்தவர். ஸ்டாக் அவருடைய வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர். வரலாறே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை நாடறியச் செய்ய என்ன வழி என்று ஹார்ப்பர் யோசித்தபோது அவருக்கு இந்தப் பழைய மாணவரின் நினைவு வந்தது. அந்தச் சந்திப்பை ஸ்டாக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஹார்ப்பர் முதலில் 1,500 டாலர் என்றாராம். எதிர்பாராத அழைப்பில் திகைத்துப்போன ஸ்டாக் வாய் திறக்கவில்லை. பேரம் பேசுகிறார் போலும் என்று எண்ணிய ஹார்ப்பர் 2,000 என்றார்; அதற்கும் மௌனம். கடைசியில் 2,500 டாலரும் இணைப் பேராசிரியர் பதவியும், அதாவது ஆயுளுக்கும் வேலையும், தருகிறேன் என்றார். பேச வராத குறை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவருக்கு லாபமாக முடிந்தது.

இந்த நியமனத்தில் இரண்டு கூறுகள் இருந்தன. முதலாவது, பயிற்சியாளர் இனி மாணவர்களின் ஆளோ பழைய மாணவர்களின் ஆளோ அல்லர். உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் என ஒரு துறை, அதற்கு அவர் தலைவர், தத்துவத்துக்கும் வேதியியலுக்கும் ஒரு தலைவர் இருப்பதைப் போல. இரண்டாவது கூறு அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. மற்றத் துறைகளின் பணம் பல்கலைக்கழகக் கருவூலத்திலிருந்து வந்தது. ஸ்டாக்கின் துறைக்கோ வாசலில் வசூலாகும் கட்டணம் இருந்தது. அந்த வரவு செலவில் சக பேராசிரியர்களின் குறுக்கீடு இல்லாமல், நேராகத் தலைவரிடமும் அறங்காவலர்களிடமும் பேசித் தன் காரியத்தை முடித்துக்கொள்ளும் இடம் அவருக்கு அமைந்தது. பதவி பேராசிரியருடையது, கையிருப்பு வணிகருடையது என்றால் மிகையாகாது. வேறெந்தப் பேராசிரியருக்கும் இந்த இரண்டும் ஒருசேர வாய்க்கவில்லை.

ஹார்ப்பர் தன் எண்ணத்தை ஒளிக்கவும் இல்லை. நாடெங்கும் சென்று எல்லாக் கல்லூரிகளையும் வீழ்த்திவரக்கூடிய அணிகள் வேண்டும், அவற்றைச் சொகுசு ரயில் பெட்டியில் அனுப்பி வைப்பேன் என்று ஸ்டாக்கிடம் சொல்லியிருந்தார். 1892 அக்டோபர் 1 அன்று பல்கலைக்கழகம் திறந்தது. அன்றே ஸ்டாக் பையன்களைத் திரட்டிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டார். ஆள் போதாததால் முதல் பருவத்தில் பயிற்சியாளரே களமிறங்கி ஆடினார். எதிரணி கிடைக்காமல் உயர்நிலைப் பள்ளி அணியோடும் ஆட வேண்டியிருந்தது. மார்ஷல் ஃபீல்ட் என்ற பெருவணிகர் நிலம் தந்தார். அதைச் சுற்றி வேலி அடைக்கும் வேலையை ஸ்டாக்கும் மாணவர்களும் சுத்தியல் பிடித்துத் தாங்களே செய்தார்கள். வேலி என்பது இங்கே சிறிய விஷயம் அல்ல. வேலி இருந்தால்தான் வாசல் இருக்கும். வாசல் இருந்தால்தான் டிக்கெட் விற்க முடியும். இரண்டே ஆண்டுகளில், 1894 கிறிஸ்துமஸ் அன்று, அந்த அணி கண்டத்தின் மறுகோடியான சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டோடு ஆடி 24-4 என்று வென்றது. 1896இல் சிகாகோவும் மிச்சிகன், இல்லினாய், விஸ்கான்சின் உள்ளிட்ட மற்ற ஆறு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அன்று மேற்குக் கூட்டமைப்பு எனப்பட்ட அதுதான் இன்று பிக் டென் என்று அறியப்படுகிறது.

களத்தில் ஸ்டாக் எப்படிப்பட்டவர்? புகை இல்லை, மது இல்லை, வாயில் கெட்ட வார்த்தை இல்லை. தவறு செய்கிற வீரனை அவர் அதிகபட்சமாகத் திட்டுவது "கழுதை" என்று. தவறு பெரிதானால் "இரட்டைக் கழுதை". அதைக் கேட்டுவிட்ட வீரன் அன்று முழுவதும் தலைநிமிர மாட்டான் என்பார்கள். நடக்க முடியாதபடி இடுப்பு நரம்பு வலி வந்தபோது சிறிய மின்சார வண்டியில் உட்கார்ந்தபடி களத்தின் ஓரம் போய்வந்துகொண்டே பயிற்சி கொடுத்தார். அவருடைய மனைவி ஸ்டெல்லா எதிரணிகளின் ஆட்டத்தைப் பார்த்து, எந்த நகர்வில் யார் எங்கே நின்றார் என்று வரைபடம் போட்டுத் தருவார். வால்டர் கேம்பின் வீட்டு வழக்கம் இங்கேயும் தொடர்ந்திருக்கிறது. இடித்து விழுத்தப் பழகும் பொம்மை, பேஸ்பால் மட்டைப் பயிற்சிக்கான வலைக்கூண்டு, பந்து ஆட்டத்துக்கு வருமுன் ஓரத்தில் ஓடத் தொடங்கும் உத்தி என்று அவர் பெயரில் சொல்லப்படும் புதுமைகளின் பட்டியல் நீளமானது. அதில் சில மற்றவர்களுக்கும் உரியவை என்று வாதிடுவோர் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.

1905ஆம் ஆண்டு அவருக்கு உச்சம். அவருடைய முறையின் ஓட்டைகள் வெளியே தெரிந்ததும் அதே ஆண்டில்தான்.

அந்த ஆண்டு நவம்பர் 30, நன்றி நவிலும் நாள். ஐந்து பருவங்களாக, 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் அணி சிகாகோவுக்கு வந்திருந்தது. சுமார் 27,000 பேர் திரண்டிருந்தார்கள். இரு தரப்பும் மாறி மாறி முட்டிக்கொண்டும் புள்ளி விழவில்லை. ஆட்டத்தின் பிற்பகுதியில் சிகாகோவின் வால்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோல் கோட்டையும் தாண்டிப் போய் விழுந்தது. அதை எடுத்த டென்னி கிளார்க் என்ற வீரர், அங்கேயே பந்தோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். கோட்டைத் தாண்டி வந்தவரைச் சிகாகோ வீரர்கள் மோதித் தூக்கிக் கோட்டுக்குப் பின்னாலேயே கொண்டுபோய்த் தள்ளினார்கள். ஒருவர் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு வீழ்த்தப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. 2-0. ஆட்டம் அப்படியே முடிந்தது. ஹார்ப்பர் அப்போது புற்றுநோயோடு படுக்கையில் இருந்தார். தன் பல்கலைக்கழகம் மேற்குப் பகுதியின் வாகையர் ஆன செய்தி அவர் காதுக்கு எட்டியது. ஆறு வாரத்தில் அவர் இறந்துவிட்டார்.

ஆனால் அந்த வெற்றியின் நாயகனான எக்கர்சாலின் படிப்புக் கணக்கைப் பார்த்தால் வேறொரு கதை தெரியும். நுழைவுத் தகுதியிலேயே குறைகளோடு உள்ளே வந்தவர் அவர். வகுப்புகளில் தேர்ச்சியும் மோசம். ஆடும் தகுதி உள்ளவரை பல்கலைக்கழகத்தில் இருந்தார், அது முடிந்ததும் பட்டம் இல்லாமல் வெளியேறினார். ஸ்டாக் பொய் சொல்பவர் அல்லர், லஞ்சம் கொடுப்பவரும் அல்லர். இருந்தும், பேராசிரியர்களை நடுவில் வைக்காத ஒரு துறையில், வெற்றி தேவைப்படுகிற ஒரு தலைவர், வசூல் தேவைப்படுகிற ஒரு பயிற்சியாளர், நகரமே கொண்டாடுகிற ஒரு வீரன் ஆகிய மூவரும் கூடும்போது தேர்வு மதிப்பெண் எந்த மூலைக்குப் போகும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

நாட்டின் நிலையும் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. அந்த ஒரே பருவத்தில் கால்பந்துக் களங்களில் ஏறக்குறைய 18 பேர் இறந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்குக் காட்டின. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்செய்யச் சொல்லியிருந்தார். 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிந்து கொடுப்பது அந்த ஆண்டுதான் அனுமதிக்கப்பட்டது. விதிக் குழுவில் ஸ்டாக்கும் இருந்தார். அப்போது உருவான கல்லூரிகளின் சங்கம்தான் 1910இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது, அதே 1906இல் மேற்குக் கூட்டமைப்பு செய்த சீர்திருத்தம். மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல் கூட்டிய மாநாட்டில், ஒரு மாணவர் ஓராண்டு படித்த பிறகே ஆடலாம், மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆடக் கூடாது, பருவத்துக்கு ஐந்தே ஆட்டங்கள், வீரர்களுக்குத் தனிச் சாப்பாட்டுப் பந்தி கூடாது என்றெல்லாம் முடிவெடுத்தார்கள். கூடவே, பயிற்சியாளர் என்பவர் மிதமான சம்பளத்தில், முறையாக நியமிக்கப்பட்ட ஆசிரியராக இருக்க வேண்டும் என்றும் வகுத்தார்கள். பருவத்துக்கு மட்டும் வந்து கூலி வாங்கிப் போகும் பயிற்சியாளர்களை ஒழிப்பது இதன் நோக்கம். சிகாகோவில் 14 ஆண்டுகளாக இருந்து வந்த ஏற்பாடு மற்றவர்களுக்கும் இலக்கணமாயிற்று. இது பிடிக்காத மிச்சிகனே சில ஆண்டுகள் கூட்டமைப்பை விட்டு வெளியேறி நின்றது. ஒன்றை மட்டும் சீர்திருத்தக்காரர்கள் யோசிக்கவில்லை. ஆசிரியர் என்ற பெயர் பயிற்சியாளரைக் கட்டுப்படுத்தும் என்று நம்பினார்கள். அந்தப் பெயரால் அவருக்கு நிரந்தரமும் மரியாதையும் கிடைத்து, அவரை யாரும் அசைக்க முடியாமல் போகும் என்று நினைக்கவில்லை.

ஆள் சேர்க்கும் விஷயத்தில் ஸ்டாக் எவ்வளவு நுட்பமானவர் என்பதற்கு ஒரு சான்று போதும். 1902 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தடகளப் போட்டிகளையும், 1917 முதல் பள்ளிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியையும் சிகாகோ வளாகத்திலேயே நடத்தினார். வெளிப்பார்வைக்கு அது இளைஞர் நலன். அதில் பொய்யும் இல்லை. அதே நேரத்தில், நாட்டின் மிகச் சிறந்த பள்ளி வீரர்கள் தாங்களாகவே ரயிலேறி வந்து, வளாகத்தில் தங்கி, பயிற்சியாளரை நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். வலை வீசாமலே மீன் கரைக்கு வந்தது. 1933இல் நடந்த அந்தத் தடகளப் போட்டியில்தான் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற பள்ளி மாணவர் 100 கெஜத்தை 9.4 வினாடியில் ஓடி உலக சாதனையைச் சமன் செய்தார். ஆனால் அதற்குள் ஸ்டாக் சிகாகோவை விட்டுப் போகும்படி ஆகியிருந்தது.

அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. பிக் டென்னில் இருந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரிதாக வளர்ந்தன. எளிதாகத் தேறக்கூடிய உடற்கல்விப் பட்டங்கள் அங்கே இருந்தன. சிகாகோவில் அவை இல்லை, இளங்கலை மாணவர் எண்ணிக்கையும் குறைவு. 1924க்குப் பிறகு ஸ்டாக்கின் அணி கூட்டமைப்பில் பட்டம் வெல்லவில்லை. 50,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய ஸ்டாக் மைதானம் மட்டும் பழைய பெருமையோடு நின்றது. 1929இல் கார்னகி அறக்கட்டளை கல்லூரி விளையாட்டைப் பற்றிய நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டு, வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் போவதைப் பல்கலைக்கழகங்களின் பெயர் சொல்லி அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில் சிகாகோவின் தலைவராக வந்தவர் 30 வயதே ஆன ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ். பல்கலைக்கழகம் அறிவுப் பணிக்கு மட்டுமே உரியது என்பது அவர் கொள்கை. கல்லூரிகள் உண்மையிலேயே பணத்தாசையை விட விரும்பினால் நுழைவுக் கட்டணத்தைப் பத்து சென்டாகக் குறைக்கட்டும் என்று பிற்பாடு எழுதியவர். கோளாறு எங்கே என்பதை அவர் சரியாகவே பிடித்தார்: ஆட்டத்தில் அன்று, வாசலில்.

1932இல் ஸ்டாக்குக்கு 70 வயது. ஓய்வு பெறும் வயது என்ற விதியைக் காட்டி, ஓர் ஆலோசனைப் பதவியைத் தர முன்வந்தார்கள். வேலை இல்லாத வேலை எனக்கு வேண்டாம், எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்று மறுத்துவிட்டு, கலிபோர்னியாவின் ஸ்டாக்டனில் இருந்த பசிபிக் கல்லூரி என்ற சிறிய கல்லூரிக்குப் போய்விட்டார். அங்கே 1946 வரை இருந்தார். 1943இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பிறகும் ஓயவில்லை. பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் தன் மகனோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். மீண்டும் ஸ்டாக்டனுக்கு வந்து ஓர் இளநிலைக் கல்லூரியில் உதைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1960இல், 98ஆம் வயதில்தான் நிறுத்தினார். 1965இல் இறந்தபோது அவருக்கு வயது 102.

அவர் போன பிறகு சிகாகோவின் அணி அதிக காலம் தாங்கவில்லை. 1935இல் ஜே பெர்வாங்கர் என்ற சிகாகோ வீரர், சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கு வழங்கப்படும், பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை எனப் பெயர் பெற்ற பரிசை முதன்முதலாக வென்றார். அணைகிற விளக்கின் கடைசிச் சுடர் அது. 1939 பருவத்தில் மிச்சிகனிடம் 85-0, ஹார்வர்டிடம் 61-0, ஒஹாயோ மாநிலத்திடம் மீண்டும் 61-0. அந்த டிசம்பரில் அறங்காவலர்கள் கால்பந்தையே நிறுத்தினார்கள். 1946இல் பிக் டென்னை விட்டும் பல்கலைக்கழகம் விலகியது. காலியாகக் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், மட்டையால் சுவரில் பந்தடித்து ஆடும் விளையாட்டுக்கென்று கட்டப்பட்டிருந்த ஓர் அறையில்தான், 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிகோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, மனிதரால் கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தியது. பிறகு மைதானம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பெரிய நூலகம் எழுந்தது. ஹட்சின்ஸின் ஆதரவாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைத்திருக்காது.

ஆனால் சிகாகோ கைவிட்டதை மற்றவர்கள் கைவிடவில்லை. ஏற்பாட்டின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: தனி வரவு செலவு, வாசல் வசூல், தலைவரை நேராக அணுகும் உரிமை. ஆசிரியர் என்ற மறுபாதி மெல்ல உதிர்ந்தது. வசூலோடு தொலைக்காட்சி உரிமைப் பணமும் சேர்ந்தபோது, நீங்கள் கேட்டிருக்கும் அந்தச் சம்பளங்கள் வந்தன. மேலே எல்லோரும் சம்பளம் வாங்கும்போது ஆடுகிறவர் மட்டும் ஏன் வாங்கக் கூடாது என்ற கேள்வி கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனது. 2021இல் உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.க்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது; அந்த ஆண்டே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட ஓர் உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். தொழில்முறை அணியின் பணத்தை வேண்டாம் என்று தள்ளிய ஸ்டாக் இதைப் பார்த்திருந்தால் யாரையெல்லாம் இரட்டைக் கழுதை என்றிருப்பாரோ தெரியாது.

சிகாகோவில் கால்பந்து 1969இல் முறையாகத் திரும்பி வந்தது; என்.சி.ஏ.ஏ.யின் மூன்றாம் பிரிவில், விளையாட்டுக்கென்று உதவித்தொகை எதுவும் தராத கல்லூரிகளோடு ஆடுகிறார்கள். அந்த மூன்றாம் பிரிவின் தேசிய இறுதி ஆட்டத்துக்கு 1973 முதல் வழங்கிவரும் பெயர் ஸ்டாக் பவுல்.